பலகையில் ஓர் எண், தாளில் வேறோர் எண்

ரசாயனங்களை டேங்கர் லாரிகளில் ஏற்றி அனுப்பும் பிரிவில் பன்னிரண்டு ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்தேன். சரக்கு ஆவணம், எடைச் சீட்டு, ஓட்டுநர் கையில் கொடுக்கும் அவசரகாலக் குறிப்பு ஆகிய மூன்றிலும் என் கையெழுத்து இல்லாமல் எந்த வண்டியும் வாயிலைத் தாண்டாது. முதல் ஐந்தாண்டுகள் அந்தக் குறிப்பை, அதிகாரி யாரேனும் வழியில் நிறுத்திக் கேட்டால் காட்ட வேண்டிய தாளாகத்தான் எண்ணியிருந்தேன். அது யாருக்காக எழுதப்படுகிறது என்பது, நான் கையெழுத்திட்டு அனுப்பிய ஒரு வண்டி நள்ளிரவில் சாலையோரம் கசிந்து நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது.

அந்த வண்டியில் இருந்தது 33 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம். புறப்பட்டு நான்கு மணி நேரம் கழித்து, பக்கக் கண்ணாடியில் வெண்புகை தெரிவதைப் பார்த்த ஓட்டுநர், வீடுகள் இல்லாத இடமாகப் பார்த்து ஒதுக்கி, இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கியிருக்கிறார். பின்புறம் அமிலத்தை இறக்கும் குழாயின் ஃபிளாஞ்சில், அதாவது குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பில், இடையே கசிவைத் தடுக்க வைக்கும் கேஸ்கெட் விட்டுப்போய், அமிலம் கம்பி போல ஒழுகிக்கொண்டிருந்தது. என்னவென்று பார்க்கக் குனிந்த உதவியாளருக்குக் கண்ணெரிச்சல் பிடித்துக்கொண்டது. ஓட்டுநர் அவரை இழுத்துக்கொண்டு விலகி, தண்ணீர்க் குடத்தைச் சாய்த்துக் கண்ணைக் கழுவவைத்து, தீயணைப்பு நிலையத்தை அழைத்தார். அதன் பிறகு, தன் கைப்பேசியில் முன்பே பதிந்துவைத்திருந்த எங்கள் அவசரத் தொலைபேசி எண்ணையும் அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது முறை வாயிற்காவலர் எடுத்து, அலுவலகம் காலை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும் என்று சொன்னார். ஆவணத்தில் அவசர எண் என்று அச்சிட்டிருந்தது எங்கள் அலுவலகத் தொலைபேசி எண். இரவில் அந்த அழைப்பு தானாகவே வாயிலுக்குப் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே ஐந்தாண்டுகள் அந்தத் தாளில் கையெழுத்திட்டிருந்தேன்.

தீயணைப்பு அதிகாரி சாலையின் பின்பக்கமாக வந்தார். ஏறத்தாழ ஐம்பது மீட்டருக்கு முன்பே தன் குழுவை நிறுத்திவிட்டு, தொலைநோக்கியால் டேங்கரின் பின்புறப் பலகையைப் படித்தார். மேலே 80, கீழே 1824. கையேட்டைப் புரட்டினால் 1824 என்பது சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல், அதாவது காஸ்டிக் சோடா. ஆனால் வண்டியின் பின்னால் வெண்புகை எழுந்துகொண்டிருந்தது, காஸ்டிக் சோடாக் கரைசல் அப்படிப் புகையாது. ஓட்டுநரைக் கேட்டார். "ஆசிட்தான் சார், சாயந்திரம் நான் நின்னுதான் ஏத்தினாங்க" என்றார் அவர். ஆவணத்தைக் கேட்டார். அது கேபினுக்குள், இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டியில் இருந்தது. அதற்குள் காற்று திரும்பி, புகை கேபினைச் சூழ்ந்துவிட்டது. பலகை காரம் என்கிறது, ஓட்டுநர் அமிலம் என்கிறார், தாள் எட்டாத இடத்தில் இருக்கிறது, தொலைபேசியில் பதில் சொல்ல ஆள் இல்லை. அந்த நிலையில் ஓர் அதிகாரி என்ன செய்ய முடியுமோ அதைத்தான் அவர் செய்தார்: யாரையும் அருகே விடாமல், போக்குவரத்தை இருபுறமும் தடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

பழகிய மனிதர் என்பதால் ஓட்டுநரிடம் என் கைப்பேசி எண் இருந்தது. அவர் அழைத்து நான் எழுந்தபோது கசிவு தொடங்கி அரைமணி நேரம் ஆகியிருந்தது. பொருள் அமிலம்தான் என்று அதிகாரியிடம் உறுதியாகச் சொல்ல முடிந்தது. அடுத்து அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை: "வெளி வால்வுக்கு முன்னால், டேங்குக்குள் தனி வால்வு உண்டா? அதை எங்கிருந்து மூடுவது?" ஏற்றும் மேடையில் வேலை செய்யும் தொழில்நுட்பப் பணியாளர் ஒருவரை வீட்டிலிருந்து எழுப்பி, அவரிடம் கேட்டுச் சொல்ல இன்னும் பத்து நிமிடம் போயிற்று. உள் வால்வின் கைப்பிடி டேங்கின் இடப்புறம், ஒரு தகட்டு மூடிக்குப் பின்னால் இருந்தது. மூச்சுக்கருவியும் ரசாயனப் பாதுகாப்பு உடையும் அணிந்த இருவர் போய் அதை மூடினார்கள். குழாயில் மிச்சமிருந்தது வடிந்ததும் ஒழுக்கு நின்றது. செய்ய வேண்டியிருந்த வேலை அவ்வளவுதான். அதைச் சொல்லும் ஆளைக் கண்டுபிடிக்க எங்களுக்கு நாற்பது நிமிடம் தேவைப்பட்டிருக்கிறது. உதவியாளரின் கண் ஒரு வாரத்தில் சரியாயிற்று.

விடிந்ததும் அங்கே போய்ப் பார்த்தேன். சாலையோரச் சிமென்ட் விளிம்பில் அமிலம் பட்ட இடமெல்லாம் நுரைத்து, அரித்து, உள்ளிருந்த சரளைக்கல் பல் போல வெளியே தெரிந்தது. லாரியின் இரு பக்கப் பலகைகளிலும் 1789 என்று சரியாக இருந்தது. அதுதான் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் எண். பின்புறப் பலகையில் மட்டும், முந்தைய பயணத்தின் 1824. தகட்டு இலக்கங்களைப் பள்ளத்தில் செருகி மாற்றும் வகைப் பலகை அது. பின்புறப் பள்ளம் அமில ஆவியில் துருவேறி இறுகியிருந்ததால், மாற்ற வந்த பையன் இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறான். வண்டி புறப்படுமுன் நான் சுற்றி வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் வந்ததோ பக்கவாட்டுப் பலகை வரைதான்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அந்த ஆரஞ்சுப் பலகையின் மேல்வரிசை ஆபத்தின் தன்மையைச் சொல்வது, கீழ்வரிசை பொருள் எது என்று சொல்லும் நான்கிலக்க ஐ.நா. எண். ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கும் காஸ்டிக் சோடாக் கரைசலுக்கும் மேல்வரிசை ஒன்றேதான்: 80, அதாவது அரிக்கும் தன்மை. ஆகவே மேல் எண்ணை மட்டும் பார்ப்பவருக்குத் தவறு தெரியவே தெரியாது. ஆனால் இரண்டையும் அணுகும் முறை ஒன்றன்று. காஸ்டிக் சோடா என்று நம்பியவர், தோலையும் கண்ணையும் காத்துக்கொண்டு, மூச்சுக்கருவி இல்லாமலே நெருங்கத் துணிந்திருக்கலாம். அடர்ந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் ஆவியோ நுரையீரலைத் தாக்கும். அந்த அதிகாரி பலகையை நம்பியதைவிடத் தன் கண் கண்ட புகையை அதிகம் நம்பியதால்தான் அவருடைய ஆட்கள் பிழைத்தார்கள் என்று இன்றும் நினைக்கிறேன். அவருடைய அனுபவத்தை நம்பி நான் வண்டி அனுப்பியிருக்கக் கூடாது.

அதன் பிறகு எங்கள் பிரிவில் முதலில் மாற்றியது தொலைபேசி எண்ணைத்தான். வண்டி சாலையில் இருக்கும் நேரமெல்லாம், எந்த மணியிலும், பொருளைப் பற்றித் தெரிந்த ஒருவரோ தெரிந்தவரை உடனே இணைக்கக்கூடிய ஒருவரோ எடுக்கும் எண்ணாக அது இருக்க வேண்டும். அமெரிக்கப் போக்குவரத்து விதிகள் இதை வெளிப்படையாகவே கேட்கின்றன. குரல் பதிவுக் கருவியோ "திரும்ப அழைக்கிறோம்" என்ற பதிலோ போதாது. இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் வைக்க இயலாத நிறுவனங்களும் பயன்படுத்தக்கூடிய வகையில், 1971 முதல் அமெரிக்காவில் கெம்ட்ரெக் என்ற மையம் இயங்குகிறது. கனடாவில் 1979 முதல் கனுடெக் இருக்கிறது. கெம்ட்ரெக் போன்ற மையத்தின் எண்ணை நம் ஆவணத்தில் அச்சிட வேண்டுமானால், முதலில் அங்கே பதிவு செய்துகொண்டு, நம் பொருள்களின் விவரத்தைக் கொடுத்திருக்க வேண்டும். வேறொருவர் ஆவணத்தில் பார்த்த எண்ணை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்வதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். அந்த எண்ணில் ஆள் எடுப்பார், ஆனால் நம் சரக்கைப் பற்றி அவரிடம் ஒரு வரியும் இருக்காது.

நாங்கள் எங்களுக்கென்றே ஒரு பட்டியல் வைத்துக்கொண்டோம்: ஒவ்வொரு பொருளுக்கும் எழுப்ப வேண்டிய இருவர், அந்த வகை டேங்கரின் வால்வுகள் எங்கே உள்ளன என்று காட்டும் படம், எடுப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள். ஐ.நா. எண் என்ன, கசிவா நெருப்பா, யாருக்காவது காயமா, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, அருகில் சாக்கடையோ நீர்நிலையோ உண்டா என்பவை அந்தக் கேள்விகள். பட்டியலைவிடப் பயன் தந்தது வேறொன்று. மாதம் ஒருமுறை, முன்னறிவிப்பு இல்லாமல், இரவு இரண்டு மணிக்கு நானே அந்த எண்ணை அழைத்து, சாலையில் நிற்கும் ஓட்டுநரைப் போலப் பேசினேன். முதல் மூன்று மாதமும் ஏமாற்றம்தான். ஒருமுறை எடுத்தவர் என் பெயரையும் துறையையும் கேட்டு எழுதிக்கொண்டாரே தவிர, காற்றின் திசையைக் கேட்கவில்லை.

அடுத்தது ஆவணம் இருக்கும் இடம். ஓட்டுநர் இருக்கைப்பட்டை அணிந்தபடியே கை நீட்டினால் எட்டும் இடத்தில் அது இருக்க வேண்டும். அவர் வண்டியை விட்டு இறங்கினால், கதவின் உட்புற உறையிலோ இருக்கையின் மேலோ கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்று அமெரிக்க விதி சொல்கிறது. நான் இன்னும் ஒரு படி போய், ஆபத்து நேரத்தில் இறங்கும் ஓட்டுநர் ஆவணத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும் என்று பழக்கினேன். இருக்கைக்கு அடியில் இருந்த பெட்டியைக் கழற்றிவிட்டு, கதவில் ஒரு சிவப்பு உறை வைத்தோம். பொருள் அபாயகரமானது என்றால் உறைக்கு வெளியே எதுவும் எழுதக் கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள், திருட்டுக்கு அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை மதிக்கிறேன். ஆனாலும் உறையின் மேல் பெரிய எழுத்தில் ஐ.நா. எண்ணையும் அவசர எண்ணையும் எழுதினேன். மழையில் நனையாத நெகிழித்தாள் உறைதான் வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை.

குறிப்பில் என்ன எழுதுவது என்பதில்தான் அதிகம் பாடுபட்டோம். பழைய குறிப்பு இரண்டு பக்கம் இருந்தது. அதில் "தகுந்த முன்னெச்சரிக்கை நடவடிக்கைகளை மேற்கொள்ளவும்" என்ற வாக்கியம் நான்கு முறை வந்தது. இருட்டில் கையுறையோடு டார்ச் வெளிச்சத்தில் படிப்பவருக்கு அந்த வாக்கியத்தால் ஒரு பயனும் இல்லை. ஒரு ரசாயனத்தின் ஆபத்துகளையும் கையாளும் முறையையும் விவரிக்கும் பாதுகாப்புத் தரவுத்தாளை இணைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று கருதுவோரும் உண்டு. அந்தத் தாள் பதினாறு பிரிவுகள் கொண்டது. முதலுதவி நான்காம் பிரிவில், தீயணைப்பு ஐந்தாம் பிரிவில், கசிவு ஆறாம் பிரிவில், போக்குவரத்து விவரம் பதினான்காம் பிரிவில் இருக்கும். ஆலையில் உட்கார்ந்து படிக்க அது நல்ல ஆவணம். சாலையோரத்தில் நின்று தேட அது நீளமானது.

எனவே குறிப்பை ஒரே பக்கத்துக்குச் சுருக்கினோம். மேலே ஐ.நா. எண், அதன் கீழ் விதிமுறைப்படியான பெயர், ஆபத்தின் வகையைச் சொல்லும் வகுப்பு, ஆபத்தின் அளவைச் சொல்லும் அடைப்புக்குழு. அடுத்து, கண்ணுக்கு என்ன தெரியும், என்ன மணக்கும், உடலை என்ன செய்யும் என்பது. பிறகு நெருப்பு, கசிவு, முதலுதவி என்று மூன்றே பகுதிகள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு நாங்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது: வெண்புகை நுரையீரலைத் தாக்கும், மூச்சுக்கருவி இல்லாமல் நெருங்காதீர்கள். எல்லாத் திசையிலும் குறைந்தது 50 மீட்டர் விலக்குங்கள், காற்று வரும் பக்கம் நில்லுங்கள், தாழ்வான இடங்களில் நிற்காதீர்கள். ஆவியை அடக்க நீரைத் தூவலாம், ஆனால் கசியும் வாய்க்குள்ளோ டேங்குக்குள்ளோ நீர் போகக் கூடாது. உலோகத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் வரும், அது தீப்பிடிக்கும். பிளீச்சிங் கரைசலோடு சேர்ந்தால் குளோரின் வரும். மண்ணால் அணைபோட்டுச் சாக்கடை வாயை அடைத்துவிடுங்கள். கண்ணிலோ தோலிலோ பட்டால், ஓடும் நீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். உள் வால்வு: இடப்புறம், தகட்டு மூடிக்குப் பின்னால், வலமாகத் திருப்பினால் மூடும். அந்தக் கடைசி வரி எந்த விதியிலும் இல்லை. எனக்கு அதுதான் முதன்மையான வரி.

வணிகப் பெயரை அந்தத் தாளிலிருந்து அறவே நீக்கினேன். "தொழில்முறைக் கழுவுநீர்" என்ற பெயரை எந்தக் கையேட்டிலும் தேட முடியாது. 1203 என்றால் பெட்ரோல், 1005 என்றால் நீரற்ற அம்மோனியா, 1017 என்றால் குளோரின், 1830 என்றால் அடர்ந்த கந்தக அமிலம் என்று எந்த நாட்டுத் தீயணைப்பு வீரரும் எண்ணைக் கொண்டே அறிந்துகொள்ளலாம். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் சேர்ந்து வெளியிடும் அவசரகாலக் கையேட்டில், மஞ்சள் பக்கங்கள் எண் வரிசையிலும் நீலப் பக்கங்கள் பெயர் வரிசையிலும் இருக்கும். அவை ஆரஞ்சுப் பக்கத்திலுள்ள நடவடிக்கைக்கு வழிகாட்டும். மூச்சில் நஞ்சாகும் பொருள்களுக்கு எவ்வளவு தூரம் ஆட்களை விலக்க வேண்டும் என்பது பச்சைப் பக்கங்களில் இருக்கும். 1789-ஐத் தேடினால் 157-ஆம் வழிகாட்டி, 1824-ஐத் தேடினால் 154. ஓர் இலக்கம் தவறினால் வேறு பக்கத்தைத்தான் படித்துக்கொண்டிருப்போம்.

பெயரும் எண்ணும் சரியாக இருந்து, ஆபத்தின் அளவு தவறாகக் குறிக்கப்படுவதும் உண்டு. 2013 ஜூலை 6 அன்று கனடாவின் லாக்-மெகான்டிக் நகரில், கச்சா எண்ணெய் ஏற்றிய ரயில் தடம்புரண்டு எரிந்து 47 பேர் இறந்தார்கள். விபத்துக்குக் காரணம் ஆவணம் அன்று. நிறுத்தியிருந்த ரயில் பிரேக் போதாமல் உருண்டதே காரணம். ஆனால் விசாரணையில், அந்த எண்ணெய் ஆவணத்தில் காட்டியதைவிட எளிதில் தீப்பிடிக்கக்கூடியது என்பதும் தெரியவந்தது. சரக்கை ஒருமுறை சோதித்துவிட்டு, அதே வகைப்பாட்டை ஆண்டுக்கணக்கில் நகலெடுப்பவர்கள் அந்த விசாரணை அறிக்கையைப் படித்துப் பார்க்க வேண்டும்.

ஓட்டுநர்களைப் பற்றிச் சொல்லாமல் இது முழுமையாகாது. குறிப்பு ஓட்டுநர் படித்துப் புரிந்துகொள்ளும் மொழியில் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பியச் சாலைப் போக்குவரத்து ஒப்பந்தமான ஏ.டி.ஆர். விதிக்கும் நிபந்தனை. பொருளுக்குப் பொருள் மாறும் அட்டைகளுக்குப் பதிலாக, எல்லா வகுப்புகளுக்கும் பொதுவான நான்கு பக்க எழுத்து அறிவுறுத்தலை 2009-இல் அங்கே கொண்டுவந்தார்கள். அதை ஓட்டுநருக்குக் கொடுப்பதும் அவர் புரிந்துகொண்டதை உறுதி செய்வதும் வண்டியை இயக்கும் நிறுவனத்தின் பொறுப்பு. புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் தலையசைப்பார்கள். நான் கேள்வியை மாற்றினேன். "அண்ணே, இப்ப பின்னால புகை வருதுன்னு வெச்சுக்கோங்க, முதல்ல என்ன செய்வீங்க?" முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஒருவர், இறங்கிப் போய் ஸ்பேனரால் ஃபிளாஞ்சை இறுக்குவேன் என்றார். மனத்தில் பொறுப்பு நிறைந்த மனிதர். அந்தப் பொறுப்புணர்வே அவர் உயிரைக் கொண்டுபோயிருக்கும். அழுத்தத்தில் இருக்கும் ஃபிளாஞ்சைக் கையால் இறுக்கும்போது கேஸ்கெட் முழுதாகப் பிய்ந்துபோகலாம். ஓட்டுநரின் வேலை வண்டியை நிறுத்துவது, இன்ஜினையும் மின்கல இணைப்பையும் அணைப்பது, ஆவணத்தோடு காற்றுக்கு எதிர்த்திசையில் விலகுவது, மற்றவர்களை விலக்குவது, தொலைபேசுவது. அதற்குமேல் அவரிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது என்பதை நிறுவனமே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சரக்கு வீணானால் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பயம் இருக்கும்வரை அவர் ஸ்பேனரைத்தான் எடுப்பார்.

அன்றிரவு எங்கள் ஓட்டுநர் ஸ்பேனரை எடுக்கவில்லை. வீடுகளைத் தாண்டி வண்டியை நிறுத்தினார், உதவியாளரின் கண்ணைக் கழுவினார், விடாமல் அழைத்தார். எங்கள் தாளில் இருந்த எதுவும் அவருக்கு அதைச் சொல்லித்தந்ததில்லை.

காலியான டேங்கரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கழுவி ஆவி நீக்காத டேங்கர், ஏற்றிய டேங்கருக்குச் சமமாகவே கருதப்பட வேண்டும். பலகையும் ஆவணமும் அப்படியே இருக்க வேண்டும். பெட்ரோல் இறக்கிய டேங்கில் மிஞ்சுவது காற்றோடு கலந்த ஆவி, அதற்கு ஒரு பொறி போதும். கழுவி முடித்ததற்கான சான்று கைக்கு வந்த பிறகுதான் இலக்கங்களைக் கழற்றலாம். இப்போது இலக்கங்களைக் கழற்றுபவர், நான்கு பலகைகளையும் கைப்பேசியில் படமெடுத்து ஆவணத்தோடு இணைத்தால்தான் வாயில் திறக்கும். அந்தத் துருவேறிய பின்புறப் பலகையைக் கழற்றி, ஏற்றும் மேடையின் சுவரில் 1824 அப்படியே இருக்க மாட்டிவைத்தேன். புதிதாகச் சேர்பவர்கள் அது ஏன் அங்கே தொங்குகிறது என்று கேட்பார்கள். மேடையில் இருப்பவர்களில் யாராவது ஒருவர் வேலையை நிறுத்திவிட்டு அதைச் சொல்வார்.